முருகனுக்கே வேர்க்கிற ஊர்ல மாரத்தான் பயிற்சி

போன ஞாயித்துக்கிழமை. விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வேளாங்கண்ணி வரைக்கும் ஓடிட்டு, திரும்பி வந்து வாசப்படியில உக்காந்து ஷூவைக் கழட்டுறேன். உள்ள தண்ணி. மழை ஒரு பொட்டு இல்ல. நான் எந்த வாய்க்கால்லயும் இறங்கல. அத்தனையும் என் சொந்த வேர்வை. சாக்ஸைப் பிழிஞ்சேன், படியில ஓடிப் போய் கோலத்தை அழிச்சிடுச்சு. (அதுக்கு வாங்கின திட்டு தனிக்கதை.)

அந்த நேரம் பாத்து கையில கட்டியிருந்த கடிகாரம் டிங்குன்னுச்சு. என்னடான்னு கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாத்தா, என் பயிற்சியோட தரம் என்னன்னு சொல்லுது.

"அன்ப்ரொடக்டிவ்."

அதாவது வீண் வேலையாம்.

"என்னங்க சொல்லுது அது?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க. சொன்னேன். "நான் சொன்னாத்தான் கேக்க மாட்டீங்க, அது சொல்லியாவது கேளுங்க"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க.

எனக்கு வந்த கோவத்துக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும், காப்பி எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

கடிகாரம் என்ன கணக்கு போடுதுன்னா, "இந்தாளு மெதுவா ஓடுறான், ஆனா நெஞ்சு படபடன்னு அடிக்குது, அப்ப உடம்பு தேறல." ரொம்பப் புத்திசாலித்தனமான கணக்குதான். நான் நாகப்பட்டினத்துல ஆகஸ்ட் மாசத்துல ஓடுறேங்கிறது மட்டும் என்கிட்ட இருக்குற கடிகாரத்துக்குத் தெரியாது.

எனக்கு அறுபது தாண்டியாச்சு. ஜனவரி முதல் வாரத்துல நடக்குற சென்னை மாரத்தான்ல முழு தூரம், 42.195 கிலோமீட்டர், ஓடி முடிக்கணும். ஜெயிக்கிறதெல்லாம் இல்ல, முடிக்கணும். ஜனவரி விடியக்காலை சென்னையில கூட ஓரளவு இதமாத்தான் இருக்கும். அன்னிக்கு ஓடுறது பெரிய விஷயமில்ல. அதுக்கு ஆகஸ்ட், செப்டம்பர்லயே தூரத்தைக் கூட்டிக்கிட்டு வரணுமே, அதுதான் வில்லங்கம். ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளிப் போடலாம்னா அப்ப மழை பிடிச்சுக்கும். டெல்டாவோட கடைமடை இது. மழைக்காலத்துல ரோடு எது, வடிகால் எதுன்னு தேடணும். அதனால புழுக்கத்துல ஓடித்தான் ஆகணும், வேற வழி கிடையாது.

இதைச் சொன்னா எல்லாரும் ஒரே பதிலை வெச்சிருக்காங்க. டீக்கடையில, கல்யாண வீட்டுல, போன்ல.

"வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஓடிட வேண்டியதுதானே!"

கோயம்புத்தூர்ல இருக்குற அக்கா பையன் கூட, "மாமா, நாலரைக்கு எழுந்திருங்க, ஜில்லுனு இருக்கும்"ங்கிறான். டேய் தம்பி, உங்க ஊர்ல ஜில்லுனு இருக்கும். இங்க நாலரைக்கு வெளிய வந்தா, குளிச்சிட்டு வந்து துவட்டாம சட்டை போட்டது மாதிரி கசகசன்னு இருக்கும். சூரியன் எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம் தூங்குது. ஆனா ஒரு இலை ஆடாது. கம்பத்து விளக்கைச் சுத்தி மூடுபனி மாதிரி ஒரு வட்டம். கடற்கரை ஊராச்சே, காத்து வராதாம்பாங்க. கடல்காத்து பகல்ல, நிலம் சூடேறின பிறகு வர்ற ஆளு. விடியக்காலையில அதுக்கும் லீவு.

எங்க ஊருக்கு மேற்கே அஞ்சு கிலோமீட்டர்ல சிக்கல். கந்த சஷ்டி அப்ப சிங்காரவேலர், வேல்நெடுங்கண்ணி அம்மன்கிட்ட வேல் வாங்கிட்டு வந்து நிக்கும்போது திருமேனியில முத்து முத்தா வேர்வை அரும்பும். பட்டுத்துணியால ஒத்தி ஒத்தி எடுப்பாங்க. அதைப் பாக்க அப்படி ஒரு கூட்டம் கூடும். சூரன் மேல இருக்குற கோவத்துல வேர்க்குதுன்னு சொல்லுவாங்க. முருகனுக்கே வேர்க்கிற வட்டாரம்யா இது. நான் எம்மாத்திரம்?

சரி, ஏன் இப்படி? வெயில் இல்லாதப்ப என்ன கேடு?

மண்பானைத் தண்ணி ஏன் ஜில்லுனு இருக்கு? பானையில இருந்து கசியிற தண்ணி ஆவியாப் போகும்போது சூட்டையும் சேத்து எடுத்துட்டுப் போகுது. நம்ம தோல் பண்றதும் அதேதான். மேக்காத்து உலர்த்துற நாள்ல பானைத்தண்ணி தொண்டையில இறங்குறதே தனி சுகம். இறுக்கமான நாள்ல அதே பானை வெளிய நனைஞ்சு நிக்கும், உள்ள தண்ணி வெறும் பச்சத்தண்ணி.

இதுக்குக் கணக்கே இருக்கு. எழுபது கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் ஓடினா சுமார் 70 கலோரி செலவாகும். (கிலோகலோரின்னு சொல்லணும், யாரு சொல்றா.) அதுல முக்கால் பங்குக்கு மேல சூடாத்தான் மாறுது. ஆக பத்து கிலோமீட்டருக்கு 550 கலோரி அளவுக்குச் சூடு. ஒரு லிட்டர் வேர்வை முழுசாக் காய்ஞ்சா சுமார் 580 கலோரி சூட்டை எடுத்துட்டுப் போகும். கிட்டத்தட்ட சரிக்குச் சரி. பத்து கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வேர்வை. ஆனா காயணும். மூக்கு நுனியில இருந்து சொட்டினது, ஷூவுக்குள்ள ரொம்பினது, கோலத்தை அழிச்சது, இதெல்லாம் கணக்குல சேராது. தண்ணியும் உப்பும் போனதுதான் மிச்சம்.

அதனால போன்ல வெப்பநிலையை மட்டும் பாக்காதீங்க. ஈரப்பதம்னு போட்டிருக்குற சதவீதத்தையும் ரொம்ப நம்பாதீங்க. காலையில 90ங்கும், மத்தியானம் 55ங்கும். காத்துல இருக்குற தண்ணி என்னவோ ஏறக்குறைய அதே அளவுதான். "டியூ பாயின்ட்"னு ஒண்ணு இருக்கும், அதைப் பாருங்க. காத்து எந்த அளவுக்குக் குளிர்ந்தா தண்ணியா முத்துக்கட்டும்ங்கிற அளவு அது. பதினஞ்சுக்குக் கீழ இருந்தா ஓடுறவனுக்குச் சொர்க்கம். இருபதைத் தாண்டினா இழுபறி. நம்ம ஊர்ல இந்த மாசத்துல 24, 25ன்னு நிக்கும். வேர்வை காய எங்கய்யா போகும்?

இன்னும் நம்பலைன்னா தோஹா கதையைக் கேளுங்க. 2019 உலக தடகளப் போட்டி. பெண்கள் மாரத்தானை, வெயிலே வேணாம்னு, நடுராத்திரி பன்னண்டு மணிக்கு ஆரம்பிச்சாங்க. சூரியன் சுத்தமா கிடையாது. 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல. கிளம்பினவங்க 68 பேர், முடிச்சவங்க 40 பேர். அத்தனை பேரும் அந்தந்த நாட்டோட முதல்தர வீராங்கனைகள். சக்கர நாற்காலியில வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போன படத்தையெல்லாம் பாத்திருப்பீங்க. இதைப் பாத்து பயந்துதான் அடுத்த ஒலிம்பிக் மாரத்தானை டோக்கியோவுல இருந்து வடக்க சப்போரோவுக்கு மாத்தினாங்க.

அமெரிக்க மரைன் படையில 1950கள்ல பயிற்சிக்கு வந்த பையன்கள் சூட்டுல சுருண்டு விழுந்தப்ப ஒரு அளவுகோல் கண்டுபிடிச்சாங்க. மூணு தெர்மாமீட்டர். ஈரத்துணி சுத்தினதுக்கு 70 பங்கு, வெயில்ல வெச்ச கறுப்பு உருண்டைக்கு 20 பங்கு, சும்மா நிழல்ல இருக்குறதுக்கு 10 பங்கு. இன்னிக்கும் பெரிய ஓட்டப் போட்டிகள்ல இதைத்தான் பாக்குறாங்க. அந்த 70ஐக் கவனிங்க. "வெயிலுக்கு முன்னாடி ஓடிடு"ங்கிற அறிவுரை இருபது பங்குக்குத்தான் மருந்து.

இப்ப நான் என்னென்ன செஞ்சு பாத்தேன்னு சொல்றேன்.

முதல்ல பனியன். பருத்திதான் உடம்புக்கு நல்லதுன்னு வளர்ந்த தலைமுறை நாம. வீட்டுல உக்காந்திருக்க நல்லது. ஓடினா வேர்வையைக் குடிச்சிட்டு ஈரச்சாக்கா தொங்குது. போதாததுக்கு மார்க்காம்பை உரசி உரசி... (சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா யாராவது சொல்லணும்) ரத்தமே வந்துடும். இப்ப மெல்லிசான பாலியஸ்டர் கைவெச்ச பனியன். தொடைக்கும், அக்குளுக்கும், மேற்படி இடத்துக்கும் கிளம்புறதுக்கு முன்னாடி தாராளமா வாசலின். தேங்காயெண்ணெய் தடவிப் பாத்தேன், பாதி தூரத்துலயே வேர்வையோட ஓடிப் போயிடுது.

தொப்பி: வெயில் வந்த பிறகு மட்டும். இருட்டுல தொப்பி போட்டா மண்டை வெந்துடும்.

கழுத்துல ஈரத் துண்டு: பிரமாதம். எங்க பக்கம் வயக்காட்டுல எல்லாரும் ஆதிகாலத்துல இருந்து செய்யிறது. பரவை பக்கம் கைப்பம்பு கண்ட இடத்துல நனைச்சுக்குவேன்.

சாயங்கால ஓட்டம்: இது எனக்குக் கிடைச்ச புதையல். மூணு மணிக்கு மேல கடல்காத்து நல்லா எழும்பிடும். அஞ்சரைக்குப் புதிய கடற்கரைக்குப் போனா வெப்பநிலை காலையை விடக் கூட, ஆனா காத்துல வேர்வை காயுது. காயுதுங்க! சின்ன தூரமெல்லாம் இப்ப சாயங்காலம்தான். சுண்டல் வண்டி, பட்டம் விடுற பசங்க, குடும்பம் குடும்பமா வர்ற கூட்டம்னு வளைஞ்சு வளைஞ்சு ஓடணும். நீண்ட தூரம் மட்டும் விடியக்காலை.

வேகம்: இதைத் தூக்கிக் கடல்ல போட்டேன். பக்கத்துல ஓடுறவர்கிட்ட ஒரு முழு வாக்கியம் பேச முடியுதான்னு பாக்குறேன். தனியா ஓடினா வாய்விட்டு ஏதாவது பேசிக்குவேன். (பாப்பாக்கோவில் பக்கம் என்னைப் பத்தி ஒரு மாதிரியாப் பேசிக்கிறாங்கன்னு கேள்வி.) மூச்சு வாங்கினா நடை. வெக்கமே இல்லாம நடை. ரத்தம் காலுக்கும் போகணும், தோலுக்கும் போகணும். இருக்குறது ஒரே நெஞ்சு. அது எந்தப் பக்கம்னு பாக்கும்? வயசைப் பொறுத்து நெஞ்சுத் துடிப்போட உச்ச அளவுக்கு ஒரு கணக்கு இருக்கு. 208ல இருந்து வயசுல பத்துல ஏழு பங்கைக் கழிக்கணும். அறுபது வயசுன்னா 166. புழுக்கத்துல, அதே வேகத்துக்கு எனக்குப் பத்து பதினஞ்சு துடிப்பு சும்மாவே ஏறி நிக்குது. அந்த மிச்சத்துக்குள்ளதான் குடித்தனம் பண்ணணும்.

இதுல கடிகாரம் கண்டுக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. தொடர்ந்து பத்துலேர்ந்து பதினாலு நாள் சூட்டுல பயிற்சி பண்ணினா உடம்பு தன்னையே மாத்திக்குது. ரத்தத்துல நீர்ப்பகுதி கூடுது. வேர்வை சீக்கிரமே சுரக்க ஆரம்பிக்குது. அதுல உப்பு குறையுது. நம்ம வயசுல இந்த மாற்றம் கொஞ்சம் மெதுவா வந்தாலும், வருது. ஆகஸ்ட்ல உடம்பு இத்தனை வேலை பாக்குது, அதுக்குப் பேரு அன்ப்ரொடக்டிவாம். போடா.

தண்ணி விஷயத்துக்கு வர்றேன். இங்கதான் நம்ம வயசுக்காரங்க உஷாரா இருக்கணும்.

வயசாக ஆக தாகம் தெரியிறது குறையும். வேர்வைச் சுரப்பியும் முன்ன மாதிரி வேலை செய்யாது. அதனால தாகம் எடுத்தா குடிக்கலாம்னு ரொம்ப நேரம் இருக்கக் கூடாது. அதுக்காகக் குடம் குடமா ஊத்திக்கிறதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடினவங்கள்ல 488 பேரோட ரத்தத்தைச் சோதிச்சாங்க. நூத்துக்கு 13 பேருக்கு ரத்தத்துல சோடியம் அளவுக்கு மீறிக் குறைஞ்சிருந்தது. முக்கியக் காரணம், அளவுக்கு மேல குடிச்சது. ஓடும்போதே எடை கூடிப் போனவங்க இருந்தாங்க!

நான் பண்றது இதுதான். ஓடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் துவட்டிட்டு எடை பாப்பேன். ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லிட்டர் போயிருக்கு. அடுத்த தடவை அதுல பாதிக்கு மேல வழியில குடிக்கப் பாப்பேன். எடை கூடவே கூடாது. கூடினா அதிகமாக் குடிச்சிருக்கேன்னு அர்த்தம்.

என்ன குடிக்கிறது? கலர் கலரா பொடி விக்கிறாங்க. வாங்கிப் பாத்தேன், ஒண்ணு இருமல் மருந்து ருசி, ஒண்ணு பல்பொடி ருசி. வீட்டுலயே செய்யலாம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி, மட்டமா வழிச்ச ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அவ்வளவுதான், உப்பு சர்க்கரைக் கரைசல். 1971ல வங்காள அகதி முகாம்ல காலரா வந்தப்ப டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த மாதிரிக் கரைசலைக் குடுத்துத்தான் ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாத்தினார். எனக்குப் போதாதா?

ஓடி முடிச்சு வந்து நீராகாரம். முதல் நாள் சோத்துல ஊத்தின தண்ணி, கல்லுப்பு, ரெண்டு சின்ன வெங்காயம், கொஞ்சம் மோர். உப்புக்கு நமக்கென்ன குறைச்சல், வேதாரண்யம் பக்கத்துலதானே இருக்கு.

(முக்கியமான அடைப்புக்குறி: பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க, அதுலயும் நீர் பிரியிற மாத்திரை சாப்பிடுறவங்க, உப்பு விஷயத்துல என் பேச்சைக் கேக்காதீங்க. உங்க டாக்டரைக் கேளுங்க. ஓடலாமாங்கிறதையும் சேத்தே கேளுங்க.)

வேதாரண்யம்னதும் ஞாபகம் வருது. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியில கிளம்பின ராஜாஜிக்கு அப்ப 51 வயசு. நூறு பேர் போல தொண்டர்கள். 150 மைல். ஏப்ரல் 28ல வேதாரண்யம் வந்து சேந்து, 30ஆம் தேதி உப்பு அள்ளி கைதானார். சித்திரை வெயில்ல ஒரு நாளைக்குப் பதினாறு கிலோமீட்டர் மாதிரி வருது. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவங்களுக்குச் சோறு தண்ணி குடுத்தா ஜெயில்னு உத்தரவு போட்டார். ஜனங்க என்ன பண்ணினாங்க? சாப்பாட்டுப் பொட்டலத்தை வழியில மரக்கிளையில கட்டித் தொங்கவிட்டுட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு மாரத்தான்ல ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு மேசை போட்டுத் தண்ணி வெக்கிறாங்களே, அதை விட நல்ல ஏற்பாடுன்னு எனக்குத் தோணும்.

இப்ப இந்த வாரம் ஈ.சி.ஆர்ல பாத்தீங்கன்னா வேளாங்கண்ணி பாதயாத்திரைக் கூட்டம். ஆகஸ்ட் 29 கொடியேத்தம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். காவி கட்டிக்கிட்டு எங்கெங்கிருந்தோ நடந்து வர்றாங்க. சென்னையில இருந்து வர்றவங்க முந்நூறு கிலோமீட்டர் நடந்திருப்பாங்க. ராத்திரியில நடக்குறாங்க, வெயில் ஏறினதும் பந்தல்லயோ மரத்தடியிலயோ சாஞ்சிடுறாங்க. தலையில ஈரத்துண்டு. மோர் குடுத்தா நின்னு குடிச்சிட்டு, குடுத்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை நல்லது சொல்லிட்டு நகருறாங்க. யாரும் அவசரப்படல. ஞாயித்துக்கிழமை ஒரு பெரியவர், எப்படியும் எழுபத்தஞ்சு இருக்கும், நான் புஸ்புஸ்ஸுன்னு தாண்டிப் போறப்ப கேட்டார்: "ஏன் தம்பி, யாராச்சும் தொரத்துறாங்களா?"

தம்பின்னாரே, அந்த ஒரு வார்த்தைக்கே ரெண்டு கிலோமீட்டர் சுலபமாப் போச்சு.

வயசானவங்க ஓடுறதுக்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 2021ல சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன், விபத்துல முழங்கால் அடிபட்டவர், சர்க்கரையும் உண்டு. ஐம்பதைத் தாண்டி ஓட ஆரம்பிச்சு நூறு அரை மாரத்தானுக்கு மேல முடிச்சிருக்கார். கனடாவுல எட் விட்லாக் 73 வயசுல, 2004ல, டொரண்டோவுல 2 மணி 54 நிமிஷத்துல முழு மாரத்தான் ஓடினார். அந்தக் குளிரை எனக்குக் குடுத்தாலும் அந்த வேகம் வராது, அது வேற விஷயம். ஆனா குளிரும் ஒரு காரணம்னு என் மனசுக்கு நான் சொல்லிக்கிறேன்.

ஒண்ணு மட்டும் சிரிக்காமச் சொல்லிடுறேன். ஓடும்போது திடீர்னு உடம்பு சிலிர்த்தா, தலை சுத்தினா, வாந்தி வர்ற மாதிரி இருந்தா, அன்னிக்கு ஓட்டம் முடிஞ்சுது. ஆட்டோ பிடிங்க. கூட ஓடுறவர் பேச்சு குழறினா, எங்க இருக்கோம்னே தெரியாம முழிச்சா, வேர்த்துக்கிட்டே இருந்தாலும் அது சூட்டு மயக்கத்தோட ஆபத்தான கட்டம். 108க்குப் போன் பண்ணிட்டு, வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க. பம்பு, வாய்க்கால், ஐஸ் கடை, எது பக்கத்துல இருக்கோ அதுல இருந்து தலையில இருந்து கால் வரைக்கும் தண்ணியை ஊத்திக்கிட்டே இருங்க, விசிறுங்க. உடம்பைக் குளிர வைக்கிறதுதான் முதல் வைத்தியம்.

கடைசியா, ஓடாதவங்களுக்கு ஒரு வார்த்தை.

ஃபௌஜா சிங்கைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 89 வயசுல முதல் மாரத்தான். 2011ல நூறு வயசுன்னு சொல்லிக்கிட்டு டொரண்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல எடுத்து முடிச்சார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால கின்னஸ்ல ஏறல. அந்த மனுஷனை மாரத்தானும் ஒண்ணும் பண்ணல, சூடும் ஒண்ணும் பண்ணல. 2025 ஜூலையில, பஞ்சாப்ல அவர் சொந்த ஊர் ரோட்டுல ஒரு வண்டி மோதிச் செத்துப் போனார்.

புழுக்கத்துக்குப் பயந்து நாங்க இருட்டுல ஓடுறோம். யாத்திரைக்காரங்களும் அதே காரணத்துக்காக இருட்டுல நடக்குறாங்க. செப்டம்பர் 8 வரைக்கும் நாகை வேளாங்கண்ணி ரோட்டோரம் முழுக்க மனுஷங்கதான். நான் முதுகுல மின்னுற பட்டை ஒட்டிக்கிறேன், எதிர்ல வண்டி வர்ற பக்கமா ஓடுறேன். காவி கட்டின கிழவிக்கு அதெல்லாம் கிடையாது. ராத்திரி இந்தப் பக்கம் கார் ஓட்டிக்கிட்டு வர்றவங்க தயவுசெஞ்சு லைட்டை டிம் பண்ணுங்க, அறுபதுக்கு மேல போகாதீங்க. தூக்கம் வந்தா ஓரங்கட்டிட்டு ஒரு டீ குடிங்க.